கூறுவெளிக்கு மரமா, அட்டவணையா? வட்டத்துக்கு எந்தச் சமன்பாடு?

அரூரில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவன் கேட்டிருந்தான்: “நிகழ்தகவுக் கணக்குக்கு மர வரைபடம் போட்டால்தான் முழு மதிப்பெண்ணா? பட்டியலாக எழுதினால் குறைப்பார்களா?” பாலக்கோட்டுப் பிளஸ் டூ மாணவி ஒருவரின் கவலை வேறு: “வட்டத்துக்கு விதவிதமாகச் சமன்பாடு இருக்கிறது. எல்லாம் மனப்பாடம். கேள்வியைப் பார்த்ததும் எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.”

பாடம் வேறு, வகுப்பு வேறு; சிக்கல் ஒன்றுதான். கணக்கு தெரிகிறது, வழியைத் தேர்வு செய்யத் தெரியவில்லை. முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ‘மர வரைபடம் வரைந்து’ என்று வினாவிலேயே கேட்டிருந்தால் ஒழிய, சரியான எந்த வழிக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. அதை எதை வைத்துச் செய்வது என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கேள்வி கையில் என்ன கொடுத்திருக்கிறது என்பது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. தமக்குப் பிடித்த வழியை எடுத்துக்கொண்டு, கேள்வியை அதற்குள் திணிக்கிறார்கள்.

அடுத்தது நேரம். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம். கணக்குப் போட்டால் 2 மதிப்பெண் வினாவுக்கு மூன்றரை நிமிடம், 5 மதிப்பெண் வினாவுக்கு 9 நிமிடம். பிளஸ் டூவில் 90 மதிப்பெண்ணுக்கு அதே 3 மணி நேரம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். 2 மதிப்பெண் வினாவுக்கு முழுப்பக்க மரம் வரைவது கட்டுப்படியாகாது.

மூன்றாவது, பிழை எந்த வாசல் வழியாக நுழையும் என்பது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு வாசல் உண்டு. நான்காவது, விடை வந்தபின் அதே வழியிலேயே சரிபார்க்க முடியுமா என்பது. இந்த நான்கில் எனக்கு முக்கியமானது மூன்றாவது. வேகம் பழக்கத்தில் வந்துவிடும். பிழையின் வாசல் தெரியாதவர் எவ்வளவு பழகினாலும் அதே இடத்தில்தான் வழுக்குவார்.

## கூறுவெளி: நான்கு வழிகள்

ஒரு சோதனையில் வரக்கூடிய எல்லா விளைவுகளும் சேர்ந்ததுதான் கூறுவெளி.

### பட்டியல்

ஒரு பகடை, இரண்டு நாணயம், மீறிப்போனால் மூன்று நாணயம். அதுவரை அடைப்புக்குறிக்குள் வரிசையாக எழுதிவிடுவதே சிக்கனம். மூன்று நாணயத்துக்கு 8 விளைவுகள், ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஆனால் பட்டியலில் மறைந்திருக்கும் செலவு பெரியது. ஒன்று விட்டுப்போனாலும் பட்டியல் நம்மை எச்சரிக்காது. அதைவிட மோசம், சம வாய்ப்பு இல்லாதவற்றைச் சமமாக எண்ணிவிடுவது. இதில் பெரிய தலைகளே தடுமாறியிருக்கின்றன. பிரெஞ்சுக் கணித அறிஞர் தாலம்பேர், 1754இல் வெளியான கலைக்களஞ்சியத் தொகுதியில் நாணயம் சுண்டுவது பற்றி எழுதினார். இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு என்ன? முதலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எனவே இருப்பவை தலை, பூ-தலை, பூ-பூ என மூன்று. அவற்றில் இரண்டு சாதகம். ஆகவே 2/3 என்பது அவர் வாதம். சரியான விடை 3/4. ‘தலை’ என்ற ஒற்றை விளைவின் வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. பட்டியலில் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்பதால் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

நம் மாணவர்கள் இதையே வேறு உருவில் செய்கிறார்கள். இரண்டு நாணயத்துக்கு ‘இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ’ என மூன்று விளைவு எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1/3 போடுகிறார்கள். தலை-பூ வேறு, பூ-தலை வேறு. பட்டியல்தான் உங்கள் வழி என்றால், எழுதத் தொடங்கும் முன்பே எத்தனை வர வேண்டும் என்று பெருக்கிப் பார்த்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: 2 × 2 = 4. பட்டியலுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஒரே சரிபார்ப்பு அதுதான்.

### அட்டவணை

இரண்டு பகடை என்று கேள்வியில் வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆறு நிரை, ஆறு நிரல், 36 கட்டம். கூடுதல் 9 வருவதை (3, 6), (4, 5), (5, 4), (6, 3) என்று மூலைவிட்டமாகவே வட்டமிட்டு விடலாம். 4/36, அதாவது 1/9. ஒரே அட்டவணையில் ‘கூடுதல் 9’, ‘இரண்டும் ஒரே எண்’, ‘பெருக்கல் இரட்டைப்படை’ என மூன்று துணை வினாக்களுக்கும் விடை கிடைக்கும். ‘அல்லது’ என்று கேட்கும் வினாவில் இரண்டு நிகழ்ச்சிக்கும் பொதுவான கட்டம் இரண்டு முறை வட்டமிடப்பட்டு நிற்கும். கூட்டல் தேற்றத்தில் எதைக் கழிக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

குறை ஒன்றுதான்: அட்டவணைக்கு இரண்டு பக்கம் மட்டுமே உண்டு. மூன்றாவது பகடை வந்தால் அது கையை விரித்துவிடும்.

### மர வரைபடம்

மரத்தின் அருமை தெரிவது படிப்படியாக நடக்கும் சோதனையில், அதுவும் முதல் படியின் விளைவு அடுத்த படியை மாற்றும்போது. கிருஷ்ணகிரிச் சந்தையில் ஒரு கூடையில் 5 பெங்களூரா, 3 செந்தூரா மாம்பழங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்க்காமல் ஒன்றை எடுத்து, திருப்பி வைக்காமல் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டும் ஒரே ரகமாக இருக்க வாய்ப்பு என்ன?

முதல் கிளையில் 5/8, 3/8. பெங்களூரா எடுத்துவிட்டால் மீதி 7இல் பெங்களூரா 4, செந்தூரா 3. செந்தூரா எடுத்துவிட்டால் மீதி 7இல் பெங்களூரா 5, செந்தூரா 2. நான்கு கிளை நுனிகளிலும் பெருக்கினால்:

பெங்களூரா, பெங்களூரா: 20/56
பெங்களூரா, செந்தூரா: 15/56
செந்தூரா, பெங்களூரா: 15/56
செந்தூரா, செந்தூரா: 6/56

கூட்டினால் 56/56. இந்தச் சரிபார்ப்புதான் மரத்தின் பெரிய பலம். பட்டியலில் இது கிடையாது. ஒரே ரகம் என்பது 20 + 6 = 26, ஆக 26/56 = 13/28. இதையே பட்டியலாக எழுதப் புகுந்தால் ஒவ்வொரு பழத்துக்கும் பெயர் வைத்து 56 சோடிகள் எழுத வேண்டும்.

தாலம்பேர் மரம் வரைந்திருந்தால் தப்பித்திருப்பார் என்பது என் எண்ணம். கிளையில் 1/2 எழுதும்போதே முதல் ‘தலை’ தனித்த எடையோடு நின்றிருக்கும்.

மரத்தின் செலவு இடம். இரண்டு பகடைக்கு மரம் வரைந்தால் 36 நுனிகள். விடைத்தாளில் பக்கம் நிறையும், கிளைகள் ஒன்றோடொன்று உரசும், எண்ணும்போது ஒன்று குறையும். ‘மரம் போட்டால் பாதுகாப்பு’ என்று பகடைக் கணக்குக்கும் மரம் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

### எழுதாமல் எண்ணுவது

வரிசை மாற்றமும் சேர்வும் படித்தபின், அதாவது பதினோராம் வகுப்புக்கு மேல், இது கைக்கு வரும். அதே மாம்பழக் கூடை: 8இல் 2 எடுக்க 28 வழி; 5இல் 2 எடுக்க 10; 3இல் 2 எடுக்க 3. ஆக 13/28. மரம் தந்த அதே விடை, இரண்டே வரியில்.

இதில் பிழை நுழையும் வாசல் வரிசை. மேலே வரிசையைப் பார்த்து எண்ணிவிட்டு (5 × 4 + 3 × 2 = 26), கீழே வரிசையைப் பாராமல் 28 என்று வைத்தால் 26/28 வரும். பார்ப்பதற்கு நல்ல பின்னமாகத்தான் இருக்கும், சந்தேகமே வராது. மேலும் கீழும் ஒரே முறையில் எண்ணியிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மூன்று பகடையில் இந்த வாசல் இன்னும் அகலம். கூடுதல் 9 ஆவதற்கு 6 விதமான எண் கூட்டணிகள், 10 ஆவதற்கும் 6. அப்படியானால் வாய்ப்பும் சமம்தானே? இந்தக் கேள்வியைக் கலிலியோ ஆராய்ந்து விடை எழுதியிருக்கிறார். 1, 2, 6 என்ற கூட்டணி 6 வரிசைகளில் விழும். 2, 2, 5 மூன்று வரிசைகளில். 3, 3, 3 ஒரே ஒரு வரிசையில். எண்ணிக் கூட்டினால் 9க்கு 25, 10க்கு 27, மொத்தம் 216. 216 வரி எழுதவும் முடியாது, மரமும் வரைய முடியாது. இப்படி எண்ணுவதுதான் ஒரே வழி.

‘கூறுவெளியை எழுதுக’ என்றே வினா கேட்டால் மட்டும் இந்த வழி உதவாது. எண்ணிக்கை கிடைக்கும், வெளி கிடைக்காது.

## வட்டம்: ஒரே கிணறு, நான்கு வழிகள்

நம் மாவட்டங்களில் பாறையை உடைத்து வெட்டிய கிணறு இல்லாத காடு குறைவு. ஒரு வட்டக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். நிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர் என்பதைக் ‘கி’ என்றும், வடக்கே எத்தனை மீட்டர் என்பதை ‘வ’ என்றும் எழுதுகிறேன். பாடநூலில் எக்ஸ், ஒய் என்று இருப்பவைதாம் இவை.

### மையமும் ஆரமும்

மையம் (7, 6), ஆரம் 5 என்று கொடுத்துவிட்டால்:

(கி − 7)² + (வ − 6)² = 25

முடிந்தது. வட்டத்தின் எல்லாச் சமன்பாடுகளிலும் படமாகக் கண்முன் நிற்பது இதுதான். பிழையின் வாசல்கள் இரண்டு. (கி + 7)² என்று கண்டால் மையம் 7 என்று எழுதுவது ஒன்று. வலப்பக்கம் 25க்குப் பதில் 5 எழுதுவது மற்றொன்று.

தொடுகோடு வந்தால் இந்த வடிவத்தை விட்டு நகரவே கூடாது. 3கி + 4வ = 20 என்ற நேர்கோட்டில் ஒரு குழாய் போகிறது; அது கிணற்று விளிம்பைத் தொடுமா, வெட்டுமா? மையத்திலிருந்து கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் (21 + 24 − 20)/5 = 5. ஆரமும் 5. தொடுகிறது. இதையே கோட்டின் சமன்பாட்டை வட்டத்தில் பிரதியிட்டு, இருபடிச் சமன்பாடாக்கி, தன்மைக்காட்டி பூச்சியம் என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். தவறில்லை, தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை, அவ்வளவுதான். தொடும் புள்ளி எது என்று கேட்டால் மட்டும் பிரதியிட்ட உழைப்பு வீண்போகாது. அது (4, 2).

### விட்டத்தின் இரு முனைகள்

(4, 2), (10, 10) இரண்டும் ஒரு விட்டத்தின் முனைகள் என்று கொடுத்தால்:

(கி − 4)(கி − 10) + (வ − 2)(வ − 10) = 0

விரித்தால் கி² + வ² − 14கி − 12வ + 60 = 0. அதே கிணறு. மையமும் தேவையில்லை, ஆரமும் தேவையில்லை, வர்க்கமூலமும் இல்லை.

இந்த வடிவம் பலரும் நினைப்பதைவிட அதிக இடங்களில் உதவும். (4, 2), (10, 2), (10, 10) என்று மூன்று புள்ளிகள் கொடுத்திருந்தால் உடனே மூன்று சமன்பாடுகள் எழுதத் தொடங்க வேண்டாம். முதலிரண்டும் ஒரே கிடைமட்டத்தில், பின்னிரண்டும் ஒரே செங்குத்தில். ஆக (10, 2)இல் செங்கோணம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று கீழ் வகுப்பிலேயே படித்ததன் மறுதலை இது: செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்தான் விட்டம். ஐந்து மதிப்பெண் கணக்கு இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். ஏன் விட்டம் என்ற காரணத்தை மட்டும் எழுத மறக்காதீர்கள். அதை விட்டால் மதிப்பெண் போகும்.

### பொது வடிவம்

உண்மையான கிணற்றில் மையத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். அது தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் இருக்கிறது. அங்கே நின்று டேப்பைப் பிடிக்க முடியாது. விளிம்பில் மூன்று இடங்களை அளக்கலாம். (12, 6), (10, 10), (3, 3) என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். எந்த இரண்டும் விட்ட முனைகள் அல்ல.

கி² + வ² + 2ஜி·கி + 2எஃப்·வ + சி = 0

ஜி, எஃப், சி மூன்றும் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள்; அவை கிடைத்தால் மையம் (−ஜி, −எஃப்), ஆரம் √(ஜி² + எஃப்² − சி). இதில் மூன்று புள்ளிகளையும் போட்டால்:

24ஜி + 12எஃப் + சி = −180
20ஜி + 20எஃப் + சி = −200
6ஜி + 6எஃப் + சி = −18

இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்து 14ஆல் வகுத்தால் ஜி + எஃப் = −13. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 4ஆல் வகுத்தால் ஜி − 2எஃப் = 5. ஆக எஃப் = −6, ஜி = −7, சி = 60. மையம் (7, 6); ஆரம் √(49 + 36 − 60) = 5.

பலம்: எந்த மூன்று புள்ளிகளுக்கும் செல்லும், யோசிக்க வேண்டியதே இல்லை. பலவீனமும் அந்த யோசிக்காமைதான். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் வட்டமே கிடையாது. அதைக் கவனிக்காமல் தொடங்கியவர் அரைப்பக்கம் தாண்டிய பிறகுதான் சமன்பாடுகள் முரண்படுவதைப் பார்ப்பார்.

மறைந்த செலவு இன்னொன்றும் உண்டு. 2கி² + 2வ² − 28கி − 24வ + 120 = 0 என்று வினா கொடுத்தால் அதுவும் நம் கிணறுதான். 2ஆல் வகுக்காமல் நேரே மையம் (14, 12) என்று எழுதினால், அந்தப் புள்ளி உண்மையான மையத்திலிருந்து 9 மீட்டருக்கும் அதிகத் தூரத்தில், கிணற்றுக்கே வெளியே விழும். வர்க்க உறுப்புகளின் கெழு 1 ஆன பிறகே ஜி, எஃப் என்று பேச வேண்டும். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்தால் அது மெய்யான வட்டமே அல்ல என்பதையும் இந்த வடிவத்தில்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

### மையக்குத்துக்கோடுகள்

இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடுதான் மையக்குத்துக்கோடு. அதே மூன்று புள்ளிகள். (10, 10), (3, 3) இவற்றின் மையக்குத்துக்கோடு கி + வ = 13. (12, 6), (10, 10) இவற்றுக்கு கி − 2வ = −5. இரண்டும் வெட்டுமிடம் (7, 6). மையத்திலிருந்து ஒரு புள்ளிக்குத் தூரம் 5.

மேலே கழித்துக் கிடைத்த இரண்டு சமன்பாடுகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். குறி ஒன்றுதான் வேறுபாடு. பொது வடிவத்தில் ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது, தெரியாமலே மையக்குத்துக்கோட்டைத்தான் வரைகிறோம். இரண்டும் ஒரே வழி. ஒன்றில் வடிவியல் வெளியே தெரிகிறது, மற்றதில் மறைந்திருக்கிறது. மையம் மட்டும் போதும் என்று கேட்டால் நான் இந்த வழியையே எடுப்பேன். சாய்வு எடுத்து, அதன் தலைகீழை எடுத்து, குறி மாற்றும் இடத்தில் கை தடுமாறுபவர்களுக்குப் பொது வடிவமே பாதுகாப்பு.

உண்மையாகவே டேப்போடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று இடங்களையும் விளிம்பைச் சுற்றிப் பரவலாக எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் எடுத்தால், அளவில் ஒரு சாண் பிசகினாலும் மையம் வெகுதூரம் நகர்ந்துவிடும்.

| கேள்வி கொடுப்பது | எடுக்க வேண்டிய வழி | பிழை நுழையும் இடம் |
|---|---|---|
| மையம், ஆரம் | மைய-ஆர வடிவம் | குறி, ஆரத்தின் வர்க்கம் |
| மையம், தொடுகோடு | மைய-ஆர வடிவம், செங்குத்துத் தூரம் | கோட்டின் மாறிலியின் குறி |
| விட்ட முனைகள், அல்லது செங்கோணமுள்ள மூன்று புள்ளிகள் | விட்ட வடிவம் | காரணம் எழுதாமல் விடுவது |
| எப்படியோ மூன்று புள்ளிகள் | பொது வடிவம் | நேர்கோட்டுச் சோதனை, கழித்தல் |
| மூன்று புள்ளிகள், மையம் மட்டும் தேவை | மையக்குத்துக்கோடுகள் | சாய்வின் தலைகீழ் |
| விரித்த சமன்பாடு | கெழுவை 1 ஆக்கி மையம் காண்பது | வகுக்க மறப்பது |

## இரண்டும் ஒரே கணக்கில் வந்தால்

இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். முதல் எண்ணைக் ‘கி’ ஆகவும் இரண்டாவதை ‘வ’ ஆகவும் எடுத்தால், அந்தப் புள்ளி கி² + வ² = 25 என்ற வட்டத்துக்கு உள்ளே விழ வாய்ப்பு என்ன?

பாலக்கோட்டு மாணவிக்கு இதைப் பயிற்சியாக அனுப்பினேன். இரண்டு பகடை, ஆக அட்டவணை. இந்தக் கணக்கில் அட்டவணையே வரைபடத்தாள்: 1 முதல் 6 வரை இரு பக்கமும் குறித்து 36 புள்ளிகளை வைத்துவிட்டால், மையம் (0, 0) என்ற மூலையில், ஆரம் 5 என்று ஒரு வில்லைக் காம்பஸால் இழுக்கலாம். வில்லின் மேல் நிற்பவை (3, 4), (4, 3) மட்டும். உள்ளே இருப்பவற்றை நிரல் நிரலாக எண்ணினால், கி = 1க்கு 4, கி = 2க்கு 4, கி = 3க்கு 3, கி = 4க்கு 2; மொத்தம் 13. வெளியே 21. மூன்றையும் கூட்டினால் 36 வருகிறது. விடை 13/36.

‘உள்ளே’ என்றால் வட்டத்தின் மேல் நிற்கும் இரண்டையும் சேர்ப்பதா என்று அவர் திருப்பிக் கேட்டார். சேர்க்கக் கூடாது. ‘உள்ளே அல்லது மேலே’ என்று வினாவில் இருந்தால் 15/36, அதாவது 5/12.